மூன்றாவது அறிவிப்பு

அறிவிப்பு அறை, மாடி
மார்ச் 3

அன்புள்ள தொட்டாற்சிணுங்கிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால், "எட்டு மாசம் கழிச்சுத்தான் ஆவல் வந்துச்சா" என்று கேட்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபத்தில் எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

இன்று மதியம் நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். புதுப் பாலத்தின் மேல் ஓடப்போகிற புது வண்டிக்கு நான்கு டிரைவர்கள். முதல் பெயர் உங்களுடையது. இருபத்திரண்டாம் தேதி முதல் ஓட்டம், உங்கள் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு. அதை ஓட்டப்போவதும் நீங்கள்தான். பாருங்கள், உங்கள் ஊர், எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன். நீங்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு அந்த முனைக்குப் போன பிறகு என் வாயும் அப்படியே பழகிவிட்டது. அடித்துவிட்டு எழுதினால் அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பீர்கள் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

டிக்கெட் கவுன்டரில் இருக்கிற பெண் மாடிப்படி ஏறி ஓடி வந்து, "அக்கா, உங்க வீட்டுக்காரர் பேருதான் முதல்ல இருக்கு, கீழ வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். போனேன். ஒரு தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு தடவை போடாமல், இரண்டு விதமாகவும் படித்தேன். நீங்களேதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடிக்குத் திரும்பி வந்து நாலு பத்து வண்டியை ஐந்து பத்து என்று அறிவித்துவிட்டு, பிறகு திருத்தினேன்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். அந்த நான்கு பேருக்கும் ஒரு படிவம் தருவார்களாம். இந்த முனையில் தங்கி ஓட்ட விருப்பமா, அந்த முனையிலா என்று எழுதி, பதினெட்டாம் தேதிக்குள் கொடுக்க வேண்டுமாம். தகவலுக்காகச் சொன்னேன். இதில் வேறு எதையும் தேடாதீர்கள்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். போன தடவை நான் "ம்" என்றதற்கு ஆறு அர்த்தம் கண்டுபிடித்து, ஆறாவது அர்த்தத்தில் போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் "ம்" கிடையாது. சாயங்காலம் ஆறு நாற்பது வண்டி வரும்போது, கடைசிப் பெட்டியில் கொடியோடு வருகிற கார்டு கையில் கொடுத்துவிடுகிறேன். உங்கள் வண்டியிலேயே உங்களுக்குத் தெரியாமல் வரும்.

இப்படிக்கு,
மைக்


டிரைவர்கள் தங்கும் விடுதி, அறை எண் 9
மார்ச் 5

அன்புள்ள மைக் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வண்டி முடிகிற இடத்தில் கார்டு கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று நான் கேட்கவில்லை, ஆனால் மனதில் வைத்திருக்கிறேன்.

பட்டியலில் முதல் பெயர் என்று நீ எழுதியிருந்தாய். அகரவரிசையில் போட்டிருக்கிறார்கள். அது உனக்கும் தெரியும். தெரிந்தே எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா என்று நேற்று முழுக்க யோசித்தேன். சரி, விடு. முதல் ஓட்டம் எனக்கு என்பது அகரவரிசையில் வந்தது இல்லை. பத்தொன்பது வருஷத்துப் பதிவேட்டைப் பார்த்துக் கொடுத்தார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை. வயசு ஐம்பதை நெருங்குகிறது, விடுதிப் படியை இரண்டிரண்டாக ஏறுகிறேன்.

பயிற்சி ஆரம்பித்துவிட்டது. எஞ்சின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உட்கார்ந்தால் தண்டவாளம் மடியில் வந்து விழுகிற மாதிரி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே கைப்பிடி. பழைய எஞ்சினில் ஒரு நாள் ஓட்டினால் சட்டையை மூன்று தடவை துவைக்க வேண்டும், உனக்குத் தெரியும். இதில் காலையில் போட்ட சட்டை சாயங்காலமும் வெள்ளையாகவே இருக்கிறது. சொல்லிக்கொடுக்க வந்தவர், "இது பழைய வண்டி மாதிரி இல்ல சார், பட்டும் படாம தொடணும், இல்லன்னா கோவிச்சுக்கும்" என்றார். அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். உன் ஸ்டேஷனில் எந்த வண்டி வந்தாலும் இரண்டு முறை அறிவிப்பாய். என் ஆறு நாற்பதுக்கு மட்டும் மூன்று முறை. நான் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். அதுவும் மூன்றாவது முறை, என் எஞ்சின் போய் நிற்கிற கோடியில் இருக்கிற ஒலிபெருக்கியில், காதுக்குள் வந்து சொல்கிற மாதிரி. வருஷக்கணக்காக ஊமையாகக் கிடந்த ஒலிபெருக்கி அது. நான் மாற்றலாகிப் போன பிறகு அதற்கு எப்படி உயிர் வந்தது? "பாரு, இன்னைக்காவது நேரத்துக்கு வந்துட்டியா" என்று ஊருக்கெல்லாம் காட்டத்தானே?

ஒரு தடவை மைக்கில் மானத்தை வாங்கியது போதாதா?

இப்படிக்கு,
ஆறு நாற்பது

பி.கு: படிவம் வந்துவிட்டது. மேஜை மேல் இருக்கிறது.


அறிவிப்பு அறை
மார்ச் 8

அன்புள்ள சிணுங்கிக்கு,

ஒரே கைப்பிடி என்று நீங்கள் எழுதியதை டிக்கெட் கவுன்டர் பெண்ணுக்கும், வாட்ச்மேன் அண்ணனுக்கும், என் மாற்று டியூட்டிக்காரிக்கும் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை விட்டுவிட்டுத்தான். இங்கே கீழே ஒரே அமர்க்களம். பிளாட்பாரத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள். வாத்தியக் கோஷ்டிக்கு மேடை போட அளவெடுத்துவிட்டுப் போனார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் புதுத் தொப்பி வாங்கிவிட்டு, அது காதில் இடிக்கிறது என்று இரண்டு நாளாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்.

மூன்று முறை அறிவிப்பது நிலைய உத்தரவு. கோடியில் நிற்கிற பயணிகளுக்குக் கேட்கவில்லை என்று புகார் வந்தது, ஒலிபெருக்கியைச் சரிசெய்தார்கள். அவ்வளவுதான். ஆறு நாற்பதில் ஆயிரம் பேர் ஏறி இறங்குகிறார்கள். எல்லாவற்றையும் இழுத்து உங்கள் தலைமேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நீங்களே பேச்சை எடுத்ததால் அன்றைய விஷயத்தை நானும் எழுதிவிடுகிறேன். நாம் இதைப் பற்றி ஒரு நாளும் உட்கார்ந்து பேசவில்லை. நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டீர்கள். என் வேலை, எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டை வாசிப்பது. ஒரு நாளைக்கு முப்பது சீட்டு. அந்த வாரம்தான், எந்த வண்டி தாமதமானாலும் காரணத்தோடு வாசிக்க வேண்டும் என்று புது உத்தரவு வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் சீட்டு அனுப்பினார். "ஏழு பதினைந்து வண்டி, ஓட்டுநர் தாமதமாக வந்த காரணத்தால், பதினொரு நிமிடம் தாமதமாகப் புறப்படும். பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." வாசித்தேன். வாசித்த பிறகுதான் அந்த ஓட்டுநர் நீங்கள் என்பது உறைத்தது. அதற்குள் இரண்டாவது முறையும் வாசித்துவிட்டேன்.

அன்று காலை வீட்டில் சண்டை போட்டது உண்மை. "வண்டியை மட்டும் நேரத்துக்கு எடுத்தா போதுமா, பாத்ரூமை எப்ப விடுவீங்க" என்று கேட்டதும் உண்மை. அதற்காக மைக்கில் பழி வாங்கினேன் என்று நீங்கள் எப்படி நினைத்தீர்கள்? பத்தொன்பது வருஷத்தில் ஒரு நிமிஷம் தாமதமாகாத மனுஷன் அன்று பதினொரு நிமிஷம் எங்கே போயிருந்தீர்கள்? விசாரணையில் "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களாம். என்னிடமும் சொல்லாத அந்தச் சொந்தக் காரணம் என்ன?

படிவத்தில் உங்கள் இஷ்டப்படி எழுதுங்கள். நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இப்படிக்கு,
மைக்


அறை எண் 9
மார்ச் 13

மைக் அம்மாவுக்கு,

இன்று பாலத்தில் ஓட்டினேன். சோதனை ஓட்டம். முதலில் அதைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

ஆறு அந்த இடத்தில் எவ்வளவு அகலம் என்று படகில் போகும்போதுகூடத் தெரியாது. பாலத்தில் ஏறினதும் இரண்டு பக்கமும் தண்ணீர், எதிரே தண்டவாளம், வேறொன்றும் இல்லை. மணிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டரில் போனோம். கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்திருந்தேன். துணை டிரைவர் சின்ன வயசு, இருக்கை நுனிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். கீழே மீன் பிடிக்கிற படகில் ஒருவர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார். எனக்குத்தான் ஆட்டினார். இதை நான் நிச்சயமாக எனக்கென்றே எடுத்துக்கொள்வேன், நீ ஒன்றும் சொல்லக்கூடாது. ஒரு நிமிஷம் பத்து வினாடியில் அக்கரை. இறங்கினதும் உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் இன்ஜினீயர் நிற்கிறார். அவரிடம் சொல்லி என்ன செய்ய?

இப்போது மற்றது. படிவத்தைக் கொடுத்துவிட்டேன். பத்தாம் தேதி, உன் கடிதம் வந்த மறுநாள். "இஷ்டப்படி எழுதுங்கள், நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை" என்று நீ எழுதினதைப் படித்துவிட்டு, நேராகப் போய் இந்த முனை என்று எழுதி, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் இன்று அவ்வளவு தண்ணீரைப் பார்த்த பிறகு, உள்ளே எதையும் வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. நீ கேட்டாய். சொல்கிறேன்.

அன்று நான் தாமதமாக வரவில்லை. ஆறு ஐம்பதுக்கே எஞ்சினில் இருந்தேன். நீ ஏழு மணி வண்டியை அறிவித்தாய். ஏழு பதினைந்து நிற்கிற பிளாட்பாரத்தில் ஒலிபெருக்கி ஒழுங்காக இருந்தது, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ தட்டித் தடவி வாசித்தாய். ஏழாம் பிளாட்பாரத்தை ஒன்றாம் பிளாட்பாரம் என்றாய். உன் கண்ணாடி உன்னிடம் இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சண்டை போட்ட வேகத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அடுத்த சீட்டைத் தப்பாக வாசித்தால் ஆயிரம் பேர் தப்பான வண்டியில் ஏறுவார்கள், மெமோ உனக்கு வரும். துணை டிரைவரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். ஸ்டேஷனுக்குப் பின்னால்தானே குவார்ட்டர்ஸ். கண்ணாடி எங்கே இருந்தது தெரியுமா? பாத்ரூம் ஜன்னல் விளிம்பில். எடுத்துக்கொண்டு ஓடி வந்து, மாடிக்கு ஏற நேரம் இல்லை என்று வாட்ச்மேன் கையில் கொடுத்து, "மேல கொண்டுபோய்க் குடுங்க, நான் குடுத்தேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எஞ்சினுக்கு ஓடினேன்.

மூச்சு வாங்க ஏறி உட்காருகிறேன். உன் குரல் வருகிறது. தட்டாமல், தடவாமல், தெளிவாக. கண்ணாடி கைக்கு வந்துவிட்டது என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீ வாசித்ததுதான், ஓட்டுநர் தாமதமாக வந்த காரணத்தால்.

பிளாட்பாரமே திரும்பி என்னைப் பார்த்தது. ஒருவர் கைதட்டினார். தெரிந்தே செய்தாள் என்று நினைக்காமல் நான் வேறு என்ன நினைப்பேன்?

இப்படிக்கு,
ஏழு பதினைந்தாக இருந்தவன்


அறிவிப்பு அறை
மார்ச் 15

என்னங்க,

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, கையில் பிடித்துக்கொண்டே கீழே போய் வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டேன். எட்டு மாசத்துக்கு முந்தைய விஷயம், அவருக்கு முதலில் ஞாபகம் வரவில்லை. பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அம்மா, மேல வந்தேன், நீங்க ரூம்ல இல்ல. மேஜை மேல வச்சேன். கீழ யாரோ கேட்டைத் தட்டினாங்க, ஓடிட்டேன். அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன், மறந்தே போச்சு" என்றார். பாவம், அழாத குறை. அவரைத் திட்டவில்லை.

நான் அப்போது கண்ணாடி இல்லாமல் முழித்துக்கொண்டு, சீட்டை வேறு யாராவது வாசிப்பார்களா என்று கேட்க மாஸ்டர் அறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் மேஜை மேல் கண்ணாடி. ராத்திரி டியூட்டிக்காரி எங்கேயோ பார்த்து எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்தேன். எடுத்து மாட்டிக்கொண்டேன். சீட்டு வந்தது. வாசித்தேன்.

எனக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. ஏன் சொல்லவில்லை? அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "உன் கண்ணாடிக்காகத்தான்டி ஓடினேன்" என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால், அங்கேயே உங்கள் காலில் விழுந்திருப்பேன். விழுந்துவிட்டு, பாத்ரூம் விஷயத்தை மறுபடி பேசியிருப்பேன். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு எட்டு மாசம் ஒரு அறையில் போய் உட்கார்ந்துவிட்டீர்களே.

உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நான் என்ன செய்தேன்? நீங்கள் மாற்றல் கேட்டது தெரிந்ததும், ஒரு வார்த்தை ஏன் என்று கேட்காமல், நான் அலுத்துப்போய்விட்டேன் என்று எடுத்துக்கொண்டேன். என் குரல் பிடிக்கவில்லை, என் சமையல் பிடிக்கவில்லை, நான் பேசுகிற வேகம் பிடிக்கவில்லை என்று வரிசையாக நானே எழுதி, எனக்கு நானே வாசித்துக்கொண்டேன். உங்களைச் சிணுங்கி என்று கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இன்னொன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று முறை அறிவிப்பது நிலைய உத்தரவு என்று எழுதினேன். பொய். அப்படி ஓர் உத்தரவே கிடையாது. புகாரும் வரவில்லை. அந்த ஒலிபெருக்கியைச் சரிசெய்யச் சொல்லி நான்தான் நான்கு மனு எழுதினேன். நான்காவது மனுவில் அதிகாரி, "அந்தக் கோடியில யாரும்மா நிக்கறாங்க" என்று நேரிலேயே கேட்டார். எஞ்சின் நிற்கும் சார் என்றேன். ஆறு நாற்பது என் டியூட்டி நேரமும் இல்லை. உங்கள் வண்டி வருகிற எல்லா நாளும் மாற்று டியூட்டிக்காரியிடம் கெஞ்சி வாங்கிக்கொள்கிறேன். முதல் இரண்டு முறை ஊருக்கு. மூன்றாவது முறை, உங்கள் எஞ்சின் சிக்னலைத் தாண்டி, நீங்கள் ஜன்னலைத் திறந்திருப்பீர்கள் என்று தெரிகிற நேரத்தில். வந்துசேர்கிறது, வந்துசேர்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் வந்துசேர்வீர்கள் என்று.

எல்லாவற்றையும் உங்களுக்கு என்று எடுத்துக்கொள்கிறீர்கள் என்று எட்டு மாசமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஒன்றை நீங்கள் சரியாகத்தான் எடுத்துக்கொண்டீர்கள். நான்தான் இல்லை என்று சாதித்தேன்.

படிவத்தை மாற்ற முடியுமா என்று தெரியவில்லை. முடியுமானால் மாற்றுங்கள். போன தடவை ஒன்றும் சொல்லப்போவதில்லை என்றேன், இப்போது சொல்கிறேன். வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள்,
மைக்


அறை எண் 9
மார்ச் 18

அன்புள்ள என் மைக்குக்கு,

கடிதத்தைப் படித்து முடிக்கிற வரை கார்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூக்கைத் துடைத்தேன். "தூசி சார்" என்றேன். "ஆமா சார், இந்த லைன்ல தூசி ஜாஸ்தி" என்றார். நல்ல மனுஷர்.

காலையில் அலுவலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். பெட்டியில் போட்ட படிவத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டோம் என்று கிளார்க் சொன்னார். வழக்கமாக இந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்று ஏறும், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். இன்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்கு அவர், "சார், வீட்டுக்குப் போங்க" என்றார். "அதுக்குத்தான் சார் உக்காந்திருக்கேன்" என்றேன். பதினொன்றரைக்கு ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளி, விருப்பத்தை மாற்றுவதற்குக் காரணம் எழுதச் சொன்னார்.

சொந்தக் காரணம் என்று எழுதப் போனேன். பேனா நின்றுவிட்டது. ஒரு தடவை அப்படி எழுதி எட்டு மாசம் போயிற்று. அதனால் முழுசாக எழுதினேன். "என் மனைவி என்னைத் தினமும் மூன்று முறை கூப்பிடுகிறார். எனக்குக் கேட்கிறது."

கிளார்க் படித்தார். சிரித்தார். முத்திரை குத்தினார். உன் முனை. அடுத்த மாசம் முதல் தேதியிலிருந்து.

அவர் எதற்குச் சிரித்தார் என்று நான் யோசிக்கவே இல்லை. பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் யோசித்தேன். கொஞ்சம்தான்.

இருபத்திரண்டாம் தேதி பதினொரு மணிக்கு வருவேன். மாஸ்டர் தொப்பி, வாத்தியக் கோஷ்டி எல்லாம் இருக்கட்டும். நீ மாடி ஜன்னலில் நில். எட்டு மாசம் அந்த ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தி, ஒரு நாளும் மேலே பார்த்ததில்லை. அன்று பார்ப்பேன். சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அப்படியே வாசி. பாலத்தில் மாடு நின்று நான் அரை மணி தாமதமானாலும், ஓட்டுநரால்தான் என்று எழுதியிருந்தாலும், தெளிவாக வாசி. கண்ணாடியை மறக்காதே. அன்று ஓடி வந்து கொடுக்க முடியாது.

உன்,
பதினொரு மணி


அறிவிப்பு அறை
மார்ச் 22, காலை 11.20

என்னங்க,

கீழே உங்களைச் சுற்றி ஒரே கூட்டம். ரிப்பனை வெட்டிவிட்டார்கள், வாத்தியம் இன்னும் ஓயவில்லை, மாஸ்டரின் தொப்பி நழுவி மூக்கில் நிற்கிறது. நீங்கள் வெள்ளைச் சட்டையில் யார் யாருக்கோ கைகொடுத்துக்கொண்டு, நொடிக்கொரு தடவை மேலே நிமிர்ந்து பார்க்கிறீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இறங்கி ஓடி வந்துவிடலாம், ஆனால் பதினொன்று முப்பத்தைந்துக்கு வேறு ஒரு வண்டி, அதை அறிவிக்க வேண்டும். இந்தச் சீட்டை வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். கையில் கொடுங்க, எங்கேயும் வைக்காதீங்க என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

இன்று சீட்டில் தாமதம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சரியாகப் பதினொரு மணி என்றுதான் இருந்தது. இரண்டு முறை வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தேன், எஞ்சின் ஜன்னலில் உங்கள் முகம். மைக்கை அணைத்துவிட்டேன்.

இனி உங்கள் வண்டிக்கும் இரண்டு முறைதான். மூன்றாவதை வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மைக்